அடிக்காமல் விட்ட பெயர்

பொறாமைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்கள் மதிப்பிடப் போகும் கல்லூரியில் உங்களுக்கு உறவினர் உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை என்று குறியிட்டேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே வேலை பார்த்திருக்கிறீர்களா? இல்லை. அங்குள்ள யாருடனாவது சேர்ந்து ஆய்வு, கட்டுரை, புத்தகம்? இல்லை. நெருங்கிய நட்பு? அங்கே பேனா கொஞ்சம் நின்றது. அங்கே வேலை பார்க்கும் என் பழைய அறைத்தோழிக்கும் எனக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. அதற்கும் இல்லை என்று குறியிட்டேன். சண்டை போட்டதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

வலையமைப்பு என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்வது நாற்பது நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் பன்னாட்டு அமைப்பு. ஒரு கல்லூரியின் தரத்தை வேறு கல்லூரிக்காரர்கள் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. சான்றிதழ் கிடைத்தால் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளின் பட்டம் நாற்பது நாட்டிலும் செல்லும். கிடைக்காவிட்டால், மேலே படிக்கப் போகிற இடத்தில் முதல் வருடத்திலிருந்து மறுபடி படி என்பார்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு மதிப்பீட்டாளர் என்று பெயர். அந்தப் பட்டியலில் என் பெயர் ஏறி எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு கல்லூரிக்குக்கூடப் போகவில்லை.

யார் போவது என்பதை வலையமைப்பு மட்டும் முடிவு செய்யாது. ஐந்து பெயர்களைக் கல்லூரிக்கு அனுப்பும். காரணம் எதுவும் சொல்லாமல் அதில் இரண்டு பெயர்களைக் கல்லூரி கோடு போட்டு அடித்துவிடலாம். மிஞ்சுகிற மூன்று பேர் போவார்கள். அவளுடைய கல்லூரிக்கு அனுப்பிய ஐந்து பெயர்களில் என்னுடையதும் ஒன்று. அங்கே தர ஒருங்கிணைப்பாளர் அவள். பேனாவைப் பிடித்து அடிக்க வேண்டியவளும் அவளே.

"முதல் கோடு எனக்குத்தான்" என்று கணவரிடம் சொன்னேன். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எதைச் சொன்னாலும் சீட்டைப் படிப்பதுபோல நிதானமாகக் கேட்பார்.

"அடிக்கலன்னா?"

"அடிப்பா. என்னப் பத்தி அவளுக்குத் தெரியாதா?"

நான்காம் நாள் பதில் வந்தது. வேறு இரண்டு பேரை அடித்திருந்தாள். என்னை விட்டு வைத்திருந்தாள்.

"பரவால்லையே, பழசயெல்லாம் மறந்துட்டாங்க போல" என்றார் கணவர்.

"மறக்கிறதாவது. திமிரு. இவ வந்து என்னத்தக் கண்டுபிடிச்சிடப் போறாங்கிற திமிரு."

"வயித்தெரிச்சலுக்கு நல்ல மாத்திரை வந்திருக்கு, எடுத்துட்டு வரவா?"

அவருடைய கடையில் இருக்கிற எந்த மாத்திரைக்கும் இது அடங்காது.

விடுதியில் அவளுக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். அவ்வளவு உயரம். விடுதி அலமாரிகளின் தலையில் யார் எதை ஒளித்து வைத்தாலும் எக்காமலே பார்த்துவிடுவாள். எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எதிலும் குற்றம் கண்டுபிடிப்பேன். கோப்பையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்காமல் எதையும் குடிக்க மாட்டேன். அடியைத் தேய்க்காதவர்கள் உள்ளேயும் ஒழுங்காகத் தேய்த்திருக்க மாட்டார்கள் என்பது என் முடிவு. மூன்று வருடம் ஒரே அறை, ஒரே பெஞ்சு. கடைசித் தேர்வில் ஒன்றரை மதிப்பெண்ணில் முதலிடத்தை அவள் தட்டிக்கொண்டு போனாள். அந்த ஒன்றரையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் பேச்சை நிறுத்தியது அதற்காக இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பு வலையமைப்பின் மாநாட்டில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். மாணவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு புகாருக்கும் பதினைந்து நாளில் எழுத்தில் பதில், பதிலைச் சுவரில் ஒட்டுவது என்று ஒரு முறையை விளக்கினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த முறை என்னுடையது. சிற்றுண்டிச் சாலையில் டீ ஆறிப்போகும் வரை உட்கார்ந்து, காகிதத்தில் படம் போட்டு அவளுக்கு நான் விளக்கியது. மேடையில் அவள் சொன்னது, "ஒரு தோழி தந்த யோசனை." ஒரு தோழி. ஒன்பதாவது வரிசையில் அந்த ஒரு தோழி கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவளுக்கு ஆறு நாட்டுப் பயணம். எனக்கு என் கல்லூரியில் கோப்பு அறை.

நாங்கள் மதிப்பீட்டுக்குப் போன முதல் நாள் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க மேடம்" என்றாள். மூன்று வருடம் என் சீப்பில் தலை வாரியவள். "வணக்கம்" என்று சொல்லிவிட்டுக் குழுத் தலைவரோடு நடந்தேன். தலைவர் வேறு நாட்டிலிருந்து வந்த தமிழ் அம்மாள், ஓய்வு பெற்ற துணைவேந்தர், பூனை நடப்பதுபோல மெதுவாகப் பேசுவார். மூன்றாமவர் ஒரு பொறியாளர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் கழிவறைக் குழாயைத் திறந்து பார்ப்பார்.

ஆதாரங்களை அடுக்கிய அறைக்குள் நுழைந்ததும் எனக்கு வயிறு பற்றியது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஓர் ஒழுங்கு. கோப்புகளின் முதுகில் ஒட்டிய எண்கள் அளவுகோல் வைத்தாற்போல ஒரே கோட்டில் இருந்தன. எதைக் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் மேசைக்கு வந்தது. கூட்டக் குறிப்புகளில் எல்லோருடைய கையெழுத்தும் வெவ்வேறு மையில் இருந்தது. என் கல்லூரியில் ஒரே பேனா ஊர்வலம் போகும். சுவரில் என் புகார் முறை, அழகான சட்டம் போட்டு. பதினோராவது நாளே பதில் கொடுத்திருக்கிறார்கள். நான் சொன்னது பதினைந்து. அதிலும் நான்கு நாள் முந்திவிட்டாள்.

டீ வந்தது. எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் ஞாபகம் வைத்துச் சொல்லியனுப்பியிருக்கிறாள். அந்த ஞாபகத்துக்காகவும் அவள்மேல் கோபம் வந்தது.

அறிக்கையில் மூன்று வகை உண்டு. பாராட்டு, பரிந்துரை, நிபந்தனை. பாராட்டு என்றால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். பரிந்துரையைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடலாம். நிபந்தனை வந்தால் மட்டும் சான்றிதழ் நின்றுவிடும். ஆறு மாதத்தில் சரிசெய்து காட்டினால்தான் கையில் கிடைக்கும். நிபந்தனை வாங்கிய ஒருங்கிணைப்பாளர் அந்த நாற்காலியில் தொடர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு ஒரு நிபந்தனை வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அதற்காகத்தான் வந்திருந்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். தீயணைப்புக் கருவிகளின் தேதி, நூலகத்தில் கடைசியாக வாங்கிய புத்தகம், ஆய்வகக் கண்ணாடிகள், விடைத்தாள் கட்டு. ஒன்றும் அகப்படவில்லை. முதல் நாள் முடிவில் தலைவர், "ரொம்ப நல்லா வச்சிருக்காங்க" என்றார். பொறியாளர், "குழாய்ல தண்ணி நல்லா வருது" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

இரண்டாம் நாள் மதியம் புள்ளியியல் துறைக்குப் போனோம். கல்லூரி முதல்வரே கூட வந்தார். வாயெல்லாம் பல். "ஆறு பேராசிரியர்கள்" என்று ஆறு மேசைகளைக் காட்டினார். நான்கு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம், இன்னொருவர் மகப்பேறு விடுப்பாம். காலி மேசை இரண்டிலும் பெயர்ப்பலகை, புத்தகம், பேனா எல்லாம் இருந்தன. சுவரில் ஆறு கொக்கிகள். ஆறு கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

அவள் தட்டில் டீயோடு வந்தாள். "கப்பு பத்தல. அந்த ரெண்டையும் எடுத்துக்கலாமா சார்? அவங்கதான் இன்னிக்கி இல்லையே" என்று முதல்வரைக் கேட்டுவிட்டு, காலி மேசைக்காரர்களின் கோப்பைகளை எடுத்துத் தலைவருக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் வைத்தாள். டீயை ஊற்றாமல் கூஜாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

நான் என் கோப்பையைக் கவிழ்த்தேன். பழக்கம். அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு முறைகூடத் தண்ணீர் படாத, மூலை சுருளாத சீட்டு. தலைவருடைய கோப்பையை வாங்கிக் கவிழ்த்தேன். அதிலும் ஒன்று. கொக்கியில் தொங்கிய மற்ற நான்கையும் போய்ப் பார்த்தேன். டீக்கறை ஏறி, பிடி தேய்ந்து, பல வருடத்துக் கோப்பைகள்.

எட்டு வருடமாக இங்கே வேலை செய்கிறார்கள் என்று அந்த இரண்டு பேரைப் பற்றிக் கோப்பில் எழுதியிருந்தது.

ஒரு கோப்பையை வைத்து எப்படிச் சட்டென்று புரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதையும் சொல்லிவிடுகிறேன். என் கல்லூரியில் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். காகிதத்தில் மட்டும். கால அட்டவணையில் அவர்களுக்கு வகுப்பு உண்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து உண்டு, ஆள் கிடையாது. எங்கள் முதல்வர் சொன்னார், பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். அந்த வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் ஒரே கூடத்தில் அடைத்து, இருக்கிற ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். இந்த வித்தையை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது என் காது சூடாயிற்று. ஆனாலும் மகிழ்ச்சிதான் முந்திக்கொண்டு வந்தது. அகப்பட்டாய் கொடிக்கம்பம் என்று மனதுக்குள் சொன்னேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் மிச்சத்தையும் தோண்டினேன். மாணவர்களைத் தனியாக உட்காரவைத்து, "உங்க வாத்தியாருங்க பேரச் சொல்லுங்க" என்றேன். நான்கு பெயர்தான் வந்தது. நூற்று முப்பது பேருக்கு ஒரே வகுப்பறை, பின்வரிசைக்குப் பலகை தெரியாது, போன தேர்வில் பாதிப் பேர் தவறிவிட்டார்கள் என்று ஒரு பெண் சொன்னாள். தலைவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க இல்லன்னா விட்டுட்டுப் போயிருப்போம்" என்றார்.

மூன்றாம் நாள் முடிவுரைக் கூட்டம். நிபந்தனையை வாசிக்கும் பொறுப்பை எனக்கே தந்தார் தலைவர். நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஆறு மாதத்துக்குள் இரண்டு ஆசிரியர்களை நியமித்து, அவர்கள் பாடம் நடத்துவதைக் காட்ட வேண்டும். அதுவரை சான்றிதழ் இல்லை. முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. நான் பார்க்க விரும்பிய முகம் அதுவல்ல. அவள் முகத்தைப் பார்த்தேன். குனிந்து ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டிருந்தாள், கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியதைக் குறித்துக்கொள்வதுபோல. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

வண்டி வரும்வரை வாசலில் தனியாக நின்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய் பூதக்கண்ணாடி."

ஆறு வருடம் கழித்து அந்தப் பெயர். திரும்பினேன்.

"இன்னும் கப்பக் கவுத்துப் பாக்குறியே, மாறவே மாட்டியா?" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். பிறகு புரிந்தது. எனக்குப் புரிகிறதா என்று அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டிக்கர நீதான் வச்சியா?"

"கப்பு வாங்கினதும் நான்தான். அழகா கழுவி மாட்டுங்கன்னாரு முதல்வர். மேசை, நாற்காலி, பேர்ப்பலகை எல்லாம் அவரே சரிபாத்தாரு. அடியில பாக்க அவருக்குத் தோணல. உலகத்துலயே ஒருத்திக்குத்தான் தோணும்."

"அதுக்குத்தான் என் பேர அடிக்காம விட்டியா?"

"பின்ன, உன் அழகப் பாக்கவா? மூணு வருஷமாக் கேக்குறேன், ரெண்டு வாத்தியார் போடுங்கன்னு. நான் கேட்டா பட்ஜெட் இல்ல. வலையமைப்பு கேட்டா இருக்கும். பாத்துக்கிட்டே இரு, ரெண்டு மாசத்துல போடுவாரு."

"நான் உன் மேல எரிஞ்சுக்கிட்டு இருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் நம்பினேன். சிநேகிதியா வந்திருந்தா, போனாப் போகுது பாவம்னு விட்டிருப்ப."

"உன் வேலை?"

"ஒருங்கிணைப்பாளர் வேலை போகும். வாத்தியார் வேலை இருக்கும்." தோளைக் குலுக்கினாள். அவளுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், தேர்வு முடிவு வரும் நாளில் கடிப்பதுபோல.

கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "அன்னிக்கி மேடையில ஏன் என் பேரச் சொல்லல?"

"ஆசைதான். வேற என்ன. கைதட்டு மொத்தமும் எனக்கே வரட்டும்னு." கையிலிருந்த குறிப்பேட்டைச் சுருட்டினாள். "தப்புத்தான். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அந்தக் கைதட்டு எனக்கு இனிக்கல, போதுமா?"

போதவில்லை. ஆனால் வண்டி வந்துவிட்டது. கதவைத் திறந்தபோது குனிந்து கேட்டாள். "உங்க காலேஜ்லயும் இந்த மாதிரி கப்பு இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு" என்றேன்.

"அப்ப இனிமேயும் என்கிட்டப் பேசாத. ஃபோன் பண்ணாத. பேசினா ஃபாரத்துல நட்புன்னு டிக் அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீடு வந்து சேரும்வரை நான் வெந்துகொண்டிருந்தேன். அவளைக் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேனே, என்னுடைய பொறாமையைக்கூட ஒரு சாமான் மாதிரி எடுத்து அவள் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டாள். தன் நாற்காலி போகும் என்று தெரிந்தே இரண்டு கோப்பைகளை வைத்தாள். நான் மூன்று பெயர்களைத் தட்டச்சு செய்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அடுத்தவள் வீட்டில் குற்றம் தேடப் போனேன். ஒன்றரை மதிப்பெண்ணுக்கும் கைதட்டலுக்கும் ஆறு நாட்டுப் பயணத்துக்கும் எரிந்ததெல்லாம் சும்மா. இப்போதுதான் உண்மையாக எரிந்தது. அவளிடம் இருந்த தைரியம் என்னிடம் இல்லை.

"என்ன, ஜெயிச்சிட்டியா?" என்றார் கணவர்.

"ஜெயிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னபடியே நடந்தது. இரண்டு மாதத்தில் இரண்டு ஆசிரியர்கள், ஆறாம் மாதம் சான்றிதழ். விழாவில் வேறொரு ஒருங்கிணைப்பாளர் அதை வாங்கினார். அந்தப் படத்தில் அவளைத் தேடினேன், இல்லை. ஒரு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு எங்கள் கல்லூரிக்கு ஐந்து பெயர்கள் வந்தன. நான்காவது பெயர் அவளுடையது. நாற்காலி போன கையோடு மதிப்பீட்டாளர் பட்டியலில் சேர்ந்திருக்கிறாள். எங்கள் கல்லூரியில் தர ஒருங்கிணைப்பாளர் நான்தான் என்பதால் முதல்வர் பட்டியலை என் மேசையில் வைத்தார். அவர் என் காது உயரம்தான் இருப்பார், அதட்டல் மட்டும் மாடி உயரம்.

"இந்தம்மா யாரு? சொந்த காலேஜையே மாட்டி விட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. இவங்கள முதல்ல அடிச்சிடுங்க."

"பாத்துக்கிறேன் சார்" என்றேன்.

பாராட்டு மட்டுமே எழுதுவதாகப் பெயர் வாங்கிய இரண்டு பேரை அடித்தேன். அவள் பெயரைத் தொடாமல் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். இன்னும் நான்கு வருடத்தில் எனக்கு ஓய்வு. அதுவரை இந்த நாற்காலி வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை.

பெயர் அடிக்கப்படவில்லை என்று தெரிந்து முதல்வர் குதித்தார். "தவறுதலாப் போயிடுச்சு சார், திரும்பப் பெற முடியாது" என்றேன். அவர் மூன்று எஃகு பீரோக்களை வரவழைத்தார். இல்லாத அந்த மூன்று பேரின் பெயர்களை ஒட்டி, பழைய புத்தகங்களை உள்ளே அடுக்கி, கதவில் கொஞ்சம் கீறல்கூடப் போடவைத்தார். பத்து வருடத்துப் பீரோக்கள் போலவே இருந்தன. எல்லோரும் போனபிறகு நான் நாற்காலிமேல் ஏறிப் பீரோக்களின் மேல்புறத்தைப் பார்த்தேன். கொண்டுவந்தவர்கள் அட்டையையும் கயிற்றையும் மேலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடையிலிருந்து பொருள் அனுப்பியதற்கான சீட்டு மூன்று, பீரோவுக்கு ஒன்றாக ஒட்டியிருந்தது. தேதி போன வியாழக்கிழமை.

கையை நீட்டினால் கிழித்துவிடலாம். நாற்காலிமேல் நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தேன். துடைக்கிற அம்மா வாளியோடு வந்து நின்றார்.

"எறங்குங்க மேடம், மேல நான் தொடைக்கிறேன்."

"மேல வேணாம்மா. யாருக்குத் தெரியப் போகுது. கீழ மட்டும் தொடச்சிட்டுப் போங்க."

அவர்கள் வந்த அன்று நான் வாசலில் நின்றேன். "வாங்க மேடம்" என்றேன். "வணக்கம்" என்றாள். நரை கூடியிருந்தது. உயரம் அப்படியே இருந்தது. பீரோக்கள் இருந்த அறையின் வாசலில் வழக்கம்போலத் தலையைக் குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தாள். முதல்வர் பீரோ கதவுகளைத் திறந்து புத்தகங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் புத்தகங்களைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, பீரோக்களுக்கு மேலே ஒரு முறை பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தாள்.

என் வேலை போகப் போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதற்காக எனக்கு அழுகை வரவில்லை. இதையும் அவளே முதலில் செய்துவிட்டாள், நான் இரண்டாவதுதான். வயிறு எரிய எரிய, அவளுக்குப் பிடித்தபடி இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு டீயைக் கலக்கினேன்.